72 மணி நேரமும் 14 ஆண்டுகளும்

2022 பிப்ரவரி 5 பிறந்த நள்ளிரவில் மும்பைப் புறநகர் ரயில் தடத்தில் தாணேவுக்கும் திவாவுக்கும் இடையே ஃபாஸ்ட் லைன் மூடப்பட்டது. ரயிலை நிறுத்திவிட்டுப் பாதையில் வேலை செய்யும் 72 மணி நேர மெகா பிளாக். அதற்கு முந்தைய டிசம்பரிலும் ஜனவரியிலும் சிறிதும் பெரிதுமாகச் சில பிளாக்குகள் எடுத்து முன்வேலைகளை முடித்திருந்தார்கள். இந்த மூன்று நாட்களில் பழைய தண்டவாளத்தை வெட்டிப் புதியதோடு இணைத்தார்கள், மேல்நிலை மின்கம்பியை மாற்றினார்கள், சிக்னல்களைச் சோதித்தார்கள். பிப்ரவரி 18 அன்று ஐந்தாவது, ஆறாவது பாதைகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 620 கோடி ரூபாய் செலவு. 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் மேம்பாலம், 3 பெரிய பாலங்கள், 21 சிறு பாலங்கள். கூடுதலாக 36 லோக்கல் ரயில்கள் விட வழி பிறந்தது.

இதே வேலை 2008-இல், மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தொடங்கியது. 2015-இல் முடிந்திருக்க வேண்டும். குர்லாவிலிருந்து தாணே வரையும் திவாவிலிருந்து கல்யாண் வரையும் கூடுதல் பாதைகள் முன்பே இருந்தன. நடுவில் சில கிலோமீட்டர்தான் பாக்கி. அந்தத் துண்டு விட்டுப்போனதால் இருபுறமும் போட்ட பாதைகளின் முழுப் பயன் கிடைக்கவில்லை. வெளியூர் ரயில்களும் லோக்கல்களும் அந்த இடத்தில் ஒரே தடத்துக்கு முண்டின.

அதன் விலையைக் கொடுத்தவர்களில் உல்லாஸ்நகர்க்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கல்யாணைத் தாண்டி கர்ஜத் பக்கம் பிரியும் பாதையில் விட்டல்வாடிக்கு அடுத்த நிறுத்தம் உல்லாஸ்நகர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை ஏற ஏற டோம்பிவிலி, கல்யாண், அதற்கும் அப்பால் என்று நகர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தடத்தில் ஒரு வெளியூர் ரயில் முந்தினால் தங்கள் லோக்கல் சிக்னலில் நிற்கும் என்பது மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும் பிள்ளை, வேலைக்கு வராத நாளாகக் கணக்கில் எழுதப்படும் அரை மணித் தாமதம், தவறிப்போன மருத்துவர் சந்திப்பு என்று அந்த 14 ஆண்டுகளை வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும்.

14 ஆண்டும் 72 மணி நேரமும் ஒரே ரயில்வேயின் வேலை. அதே பொறியாளர்கள், அதே தொழிலாளர்கள், அதே விதிப் புத்தகம். நம் ஊர்க்காரர்களுக்கு வேலையில் சுறுசுறுப்பில்லை, ஒழுங்கில்லை என்று பேசுவோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை நடந்த நேரத்தில் அது வேகமாகவே நடந்தது. மீதி ஆண்டுகளில் பெரும்பகுதி காத்திருப்பில் போனது. ஆக்கிரமிப்பில் இருந்த நிலம் காலியாகக் காத்திருப்பு, அங்கே குடியிருந்தவர்களுக்கு மாற்றுவீடு வரக் காத்திருப்பு, ரயில்வே, ரயில் விகாஸ் கழகம், மாநில அரசு, மாநகராட்சி என்று ஒரு அலுவலகத்தின் பதிலுக்கு இன்னொரு அலுவலகம் காத்திருப்பு.

மெகா பிளாக் எப்படித் தயாராகிறது என்பதைக் கவனித்தால் மற்ற வேலைகள் ஏன் இழுக்கின்றன என்பது புரியும். ரயிலை நிறுத்தும் நேரம் விலை மதிப்புள்ளது. அதனால் அதைக் கேட்கும் முன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்லீப்பர், ஜல்லி, தண்டவாளம், கிரேன் எல்லாம் பாதையோரம் வந்துவிடும். தண்டவாளம், மின்சாரம், சிக்னல், போக்குவரத்து ஆகிய துறைகள் மணிவாரியாகத் திட்டம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கும். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது. முடிவெடுக்க வேண்டிய அதிகாரியும் அங்கேயே நிற்பார். ஒரு கேள்வி எழுந்தால் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2024 மே கடைசியில் தாணே ஐந்தாம் நடைமேடையை அகலப்படுத்த 63 மணி நேர பிளாக் எடுத்தபோதும் இதே முறைதான்.

ஒரு ஜீன்ஸ் எங்கே காத்திருக்கிறது

பெரிய திட்டங்களை விட்டுவிட்டு உல்லாஸ்நகரின் சந்துகளுக்குள் போனால் இதே கதை சிறிய அளவில், அதனால் இன்னும் தெளிவாகத் தெரியும். நான்காம் கேம்ப், ஐந்தாம் கேம்ப் எனப்படும் பகுதிகளில் ஜீன்ஸ் தொழில் பரவியிருந்தது. ஒரே கூரையின் கீழ் முழு ஜீன்ஸ் உருவாவது அரிதாக இருந்தது. ஓரிடத்தில் துணியை அடுக்கி வெட்டுவார்கள். கட்டுக் கட்டாக அது ஜாப் ஒர்க் தையலுக்குப் போகும். அங்கிருந்து காஜா பட்டன். பிறகு சலவை. அதன்பின் பிசிறு வெட்டல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொன்றும் வேறு முதலாளி, வேறு சந்து, பீஸ் ரேட் கூலி.

ஒரு ஐந்து பாக்கெட் ஜீன்ஸைத் தைக்க ஒழுங்கான தொழிற்சாலைக் கணக்கில் 20 நிமிடத்தை ஒட்டியே ஆகும். வெட்டு, சலவை, அயர்ன் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வேலைநாளுக்குள் அடங்கிவிடும். ஆனால் சரக்குக் கொடுத்தவர் வாரக்கணக்கில் காத்திருப்பார். அந்த வாரங்களில் ஜீன்ஸ் எங்கே இருந்தது? தையல்காரரின் மிஷினில் இருந்ததைவிட அதிக நேரம் அது ஒரு மூலையில் கட்டாகக் கிடந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, தர்க்கம் நிஜம். வெட்டும் இடத்தில் நாளைக்கு 400 உருப்படி முடியும். தையலில் 300. சலவையில் 200. மூன்று பேரும் முழுமூச்சாக வேலை செய்கிறார்கள், ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. நாளொன்றுக்குத் தையல் வாசலில் 100 உருப்படியும் சலவை வாசலில் 100 உருப்படியும் தேங்கும். 15-ஆம் நாள் வெட்டிய ஜீன்ஸுக்கு முன்னால் தையலில் 1,500 உருப்படி நிற்கும். 5 நாள் காத்திருப்பு. 20-ஆம் நாள் அது சலவைக்குப் போய்ச் சேரும்போது அங்கே 2,000 உருப்படி நிற்கும். இன்னும் 10 நாள். ஆக 15 நாள் சும்மா கிடந்த ஜீன்ஸ் அது. கடைசியில் வெளியே வருவதோ நாளைக்கு 200-தான். வெட்டும் மாஸ்டர் 400-க்குப் பதிலாக 200 மட்டும் வெட்டியிருந்தாலும் அதே 200 வெளியே வந்திருக்கும். காத்திருப்பு ஏறக்குறைய மறைந்திருக்கும். துணியில் முடங்கிய பணமும் மிஞ்சியிருக்கும்.

இந்தக் கணக்கின் அடிப்படையை ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் கணிதமாக நிரூபித்தார். ஓர் இடத்தில் தேங்கியிருக்கும் உருப்படிகளை நாளொன்றுக்கு வெளியேறும் உருப்படிகளால் வகுத்தால் காத்திருப்பு நாட்கள் கிடைக்கும். இவ்வளவுதான். ஆனால் இது அலுவலகங்களில் ஏற்படுத்த வேண்டிய மாற்றம் பெரியது. தாமதத்தைக் குறைக்க இரண்டு வழிகளே உண்டு. வெளியேறும் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே கிடக்கும் வேலையைக் குறைக்க வேண்டும். முதலாவது பணமும் காலமும் கேட்கும். இரண்டாவதை நாளைக் காலையே தொடங்கலாம். அப்படியிருந்தும் எல்லாரும் முதலாவதையே துரத்துகிறோம், ஏனென்றால் புதிய வேலையைத் தொடங்க மறுப்பது சோம்பலாகத் தோன்றுகிறது.

இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984-இல் ஒரு நாவல் வடிவில் சொன்னதும் இதைத்தான். ஒரு தொடரின் வேகத்தை அதன் மிக நெருக்கமான, வேலை மிக மெதுவாக நகரும் இடம் முடிவு செய்கிறது. மற்ற இடங்களில் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரம் வெறும் குவியலாகும். நெருக்கமான இடத்தில் இழக்கும் ஒரு மணி நேரம் முழுத் தொடரும் இழந்த ஒரு மணி நேரம்.

உல்லாஸ்நகர் இதைக் கசப்பான வழியில் கண்டது. ஜீன்ஸ் சலவையின் சாயநீர் சுத்திகரிக்கப்படாமல் வால்துனி ஆற்றில் கலந்தது. உல்லாஸ், வால்துனி ஆறுகளின் மாசு பற்றி வனசக்தி அமைப்பு தொடுத்த வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போனது. அதன் தொடர்ச்சியாக 2017–18 வாக்கில் சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. தையல் மிஷின்கள் பழுதாகவில்லை, வெட்டும் மாஸ்டரின் கையில் கத்தரி இருந்தது, ஆனாலும் தொடர் முழுவதும் நின்றது. சலவைதான் அந்தத் தொழிலின் கழுத்து என்று எல்லாருக்கும் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை உரிய காலத்தில் கட்டும் வேலை மட்டும் தொழில்முனைவோர், மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற மூவருக்கும் நடுவே யாருடையதாகவும் இல்லாமல் கிடந்தது. மூடியதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். நீலமாக ஓடிய ஆற்றின் கரையிலும் ஏழைகளே குடியிருந்தார்கள். ஆனால் பீஸ் ரேட்டில் வாழ்ந்த தையல்காரர்கள் தாங்கள் செய்யாத தாமதத்துக்கு ஊர் திரும்பும் ரயில் டிக்கெட் வாங்க வேண்டிவந்தது.

கையில் கொஞ்சம் இடம்

அலுவலகங்களில் பொதுவாகப் போற்றப்படும் ஒரு பழக்கத்தை இங்கே எதிர்த்தாக வேண்டும். ஒவ்வொருவரும் 100 சதவீதம் வேலையில் இருக்க வேண்டும், யாரும் சும்மா இருக்கக் கூடாது என்ற பழக்கம் அது. வேலை சீரான இடைவெளியில் வராது, ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரமும் ஆகாது. அப்படி ஏறியிறங்கும் இடத்தில் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி என்ன சொல்கிறது? ஒருவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக நான்கு வேலைகளுக்கான நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் ஆனால் ஒன்பது. 95 சதவீதம் ஆனால் பத்தொன்பது. கடைசி 15 சதவீதத்தைக் கசக்கிப் பிழிந்ததற்குக் கூலி, ஏறத்தாழ ஐந்து மடங்கு காத்திருப்பு.

வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் மும்பையின் டப்பாவாலாக்களைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கியது, தவறாத குறியீடுகள், கணினியே இல்லாத ஒழுங்கு என்று பாராட்டுகள் நீளும். ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டெஃபன் தாம்கே 2012-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பாராட்டுகளில் அதிகம் அடிபடாத ஒரு விவரம் இருக்கிறது. 20, 25 பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேர் உபரியாக இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவரின் சைக்கிள் பஞ்சர், ஒரு வீட்டில் சமையல் தாமதம் என்றால் அவர்கள் கைகொடுப்பார்கள். மேலாண்மைப் பள்ளியில் படித்த ஒருவர் வந்திருந்தால் முதல் வேலையாக அந்த மூவரைத்தான் நீக்கியிருப்பார். மதியம் ஒரு மணிக்கு டப்பா வந்து சேர்வது அந்த மூவரால்.

இன்னொரு ஒழுங்கும் அங்கே இருக்கிறது. டப்பாக்கள் ஏற வேண்டிய ரயில் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஆகவே யாரும் நாளைய டப்பாவை இன்றே வாங்கிக் குவித்து வைக்க முடியாது. ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டம் ஏற்கும் அளவே அனுப்பும். டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ அட்டைகளைக் கொண்டு கட்டாயமாக்கிய முறையை இங்கே ரயில்வே அட்டவணை கட்டாயமாக்கியது.

மென்பொருள் அலுவலகங்களில் வேலை செய்வோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஐரோலியிலும் பவாயிலும் வேலை பார்த்துக் கல்யாண் பக்கம் திரும்பும் இளைஞர்களிடம் கேட்டால் ஒரே புலம்பல். கோட் எழுதி முடித்தாயிற்று, ரிவ்யூ வரவில்லை. ரிவ்யூ வந்தது, டெஸ்டிங் சூழல் காலியில்லை. டெஸ்டிங் முடிந்தது, வாடிக்கையாளர் ஒப்புதல் வரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று இன்னொரு வேலையைத் தொடங்குகிறார்கள். அது ரிவ்யூ செய்பவரின் மேசையில் இன்னொரு கட்டாகப் போய்ச் சேர்கிறது. அந்தத் தொடரின் நெருக்கமான இடம் ஏற்கெனவே அவர்தான். புதிய கோட் எழுதுவதை விட்டுவிட்டு நண்பர் எழுதியதை ரிவ்யூ செய்ய உட்காரலாம் என்றால், அப்படி உட்காருபவரின் மாத மதிப்பீட்டில் அது வேலையாகவே எழுதப்படுவதில்லை.

ஒருவருக்கு மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் 10 நாள் என்று வையுங்கள். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொட்டால் 10, 20, 30-ஆம் நாட்களில் மூன்றும் முடியும். மூன்று மேலாளர்களையும் சமாதானப்படுத்த நாளுக்கொன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் 28, 29, 30-ஆம் நாட்களில் முடியும். யாருக்கும் முன்பைவிட விரைவில் கிடைக்கவில்லை. இருவருக்குப் பெருந்தாமதம். மூவருக்கும் ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்ற ஆறுதல் மட்டும் நாள்தோறும் கிடைத்தது. வேலையைவிட்டு வேலைக்கு மாறும்போது மனம் விட்ட இடத்தைத் தேடும் நேரத்தை இதில் நான் சேர்க்கவேயில்லை.

தாமதமாகிவிட்டது என்றதும் ஆளைக் கூட்டும் வழக்கத்துக்கு ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-இல் பதில் எழுதிவிட்டார். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய இயக்க மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்தியவர் அவர். ஏற்கெனவே பின்தங்கிய மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்பது அவர் முடிவு. 5 பேர் குழுவில் ஒருவரோடொருவர் பேச வேண்டிய இணைகள் 10. 10 பேர் ஆனால் 45. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏற்கெனவே மூச்சுத் திணறும் பழைய ஆட்கள்தான்.

செம்பூர்ச் சாலை

சாண்டாகுரூஸையும் செம்பூரையும் இணைக்கும் 6.45 கிலோமீட்டர் சாலையின் வேலை 2003-இல் தொடங்கியது. போக்குவரத்துக்குத் திறந்தது 2014 ஏப்ரல் 18 அன்று. இடையில் கெடுவுக்குப் பின் கெடு தப்பியது. சாலை போடுவதில் அறியாத தொழில்நுட்பம் எதுவும் இல்லை. வழியில் குர்லா பக்கம் குடியிருப்புகளும் கடைகளும் இருந்தன, குறுக்கே ரயில் பாதைகள் இருந்தன. நிலம் கைக்கு வருமுன், ரயில்வேயோடு முழு உடன்பாடு வருமுன் வேலை தொடங்கப்பட்டது.

உலக வங்கிக் கடனில் நடந்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின் ஒரு பகுதி இது. அந்தத் திட்டம் முழுவதிலும் இடம்பெயர்க்கப்படுவோர் ஏறத்தாழ 80,000 பேர் என்று முதலில் போட்ட கணக்கு பிறகு 1,20,000-ஐத் தொட்டது. தங்கள் பிழைப்புக்கு வழி சொல்லாமல் அகற்றுகிறார்கள் என்று குர்லாக் கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004-இல் உலக வங்கியின் விசாரணைக் குழுவிடம் முறையிட்டார்கள். குழு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டது. 2006 மார்ச்சில் வங்கி சாலைப் பகுதிக்கும் மறுவாழ்வுப் பகுதிக்கும் பணத்தை நிறுத்தியது, சில மாதங்கள் கழித்தே மீண்டும் விடுத்தது.

இந்தக் கதையைச் சொல்வோர் பலர், எதிர்ப்புத் தெரிவித்த மக்களைத் தாமதத்தின் காரணமாகக் காட்டுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. 40,000 பேரைக் கணக்கில் விட்டது திட்டம் தீட்டிய மேசை. முதல் ஆண்டிலேயே வீடு வீடாக எண்ணி, கடைக்காரருக்குக் கடையும் குடியிருப்போருக்கு வீடும் உறுதி செய்துவிட்டு முதல் தூணை நட்டிருந்தால், தொடக்க விழா இரண்டு ஆண்டு தள்ளிப்போயிருக்கும். திறப்பு விழா பல ஆண்டு முந்தியிருக்கும். அரசியலில் தொடக்க விழாவுக்குக் கிடைக்கும் மாலை முன்தயாரிப்புக்குக் கிடைப்பதில்லை.

தாராவி மறுசீரமைப்பும் இந்த வரிசையில் சேரும். 2004-இல் அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம். 2007-இல் உலகளவில் நிறுவனங்களை அழைத்தார்கள், பின்னர் அது கைவிடப்பட்டது. 2016-இல் மீண்டும் டெண்டர், யாரும் முன்வரவில்லை. 2019-இல் துபாய் சார்ந்த செக்லிங்க் 7,200 கோடி ரூபாய்க்கு அதிகத் தொகை கேட்ட ஏலதாரராக நின்றது. ரயில்வே நிலத்தைச் சேர்ப்பதால் நிபந்தனைகள் மாறிவிட்டன என்று 2020-இல் அந்த ஏலமும் ரத்தானது. 2022-இல் மறு ஏலம், 5,069 கோடியில் அதானி குழுமம். ரயில்வே நிலம் திட்டத்துக்குள்ளா வெளியேயா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை தெரியுமுன் ஏலம் விட்டதன் விலை, ஒரு தலைமுறையின் கழிப்பறை வரிசை. 90 அடிச் சாலைக்குப் பின்னால் திருநெல்வேலிக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் ‘அடுத்த வருஷம் வீடு வரும்’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தார்கள். அந்தப் பேச்சை நம்பிச் சுவரைப் பழுதுபார்க்காமலும் மாடி எடுக்காமலும் இருந்தவர்களின் இழப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறவில்லை. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம், அதில் தாராவி மக்களுக்குள்ளேயே பல குரல்கள் உண்டு.

உல்லாஸ்நகரின் கோப்புகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் கல்யாண் அருகே அமைத்த முகாமின் பாரக்குகளில், பிரிவினையில் சிந்து மாகாணத்தை இழந்து வந்தவர்கள் குடியேறினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அங்கே உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டினார். ராணுவ முகாம், அகதி முகாம், பிறகு நகரம். சுமார் 13 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பாரக்குகள் இருந்த மண்ணில் அனுமதியில்லாமல் மாடிகள் எழுந்தன.

பொதுநல வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 855 சட்டவிரோதக் கட்டடங்களை இடிக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. மாநில அரசு 2006-இல் உல்லாஸ்நகருக்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கட்டடம் உறுதியாக இருந்து, உரிய கட்டணம் கட்டினால் முறைப்படுத்தலாம். இரக்கமும் நடைமுறை அறிவும் உள்ள சட்டம்தான். ஆனால் 15 ஆண்டு கழிந்தபின்னும் முறைப்படுத்தப்பட்டவை சிறு பங்கே.

ஏன் என்று பார்த்தால் மீண்டும் கைமாறும் இடங்கள். அகதி மறுவாழ்வுக்குக் கொடுத்த நிலத்தின் உரிமைப் பத்திரம் வருவாய்த் துறையிடம். வரைபடம் மாநகராட்சியிடம். உறுதிச் சான்று பொறியாளரிடம். கட்டணம் கட்ட வேண்டியவர்கள் ஒரே கட்டடத்தின் பல வீட்டுக்காரர்கள், அவர்களுக்குள் ஒற்றுமை வேண்டும். கட்டி விற்ற பில்டர் போய்விட்டார். ஒரு தாள் குறைந்தால் முழுக் கோப்பும் நிற்கும். கட்டடமோ நிற்கும் காலத்தில் பழசாகிக்கொண்டே போகும், உறுதிச் சான்று பெறுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும். சட்டம் கொடுத்த வாய்ப்பு காத்திருப்பிலேயே கரைந்தது.

2021 மே மாதம் இரண்டு வாரத்துக்குள் உல்லாஸ்நகரில் இரு அடுக்குமாடிகளின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்தன. மே 28 அன்று சாய்சக்தி கட்டடத்தில் மட்டும் 7 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பழைய கட்டடங்களுக்கெல்லாம் உறுதித் தணிக்கை செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. முறைப்படுத்தலை எளிதாக்க அரசு குழுவும் அமைத்தது.

இங்கே என்ன செய்திருக்க முடியும்? சலவைக் கணக்கு இதற்கும் பொருந்தும். எல்லா விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் வாங்கிக் குவிப்பதற்குப் பதிலாக, மிகப் பழைய, மிகப் பலவீனமான 20 கட்டடங்களை முதலில் எடுத்திருக்கலாம். வருவாய்த் துறை, மாநகராட்சி, பொறியாளர் மூவரும் வாரத்தில் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார்ந்து, குடியிருப்போரையும் அழைத்து, அந்த 20-ஐ முடித்துவிட்டு அடுத்த 20-க்குப் போயிருக்கலாம். மெகா பிளாக் முறை என்றே இதற்குப் பெயர் வைக்கலாம். ஒவ்வொரு கோப்பும் எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்ற இரண்டு தேதிகளை எழுதி வைத்திருந்தால் ஆறு மாதத்தில் நெருக்கமான இடம் எதுவென்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த மேசைக்கு ஆள் கூட்டுவதும், அங்கே தேவையில்லாத தாளைக் குறைப்பதும் அதன்பின் விவாதத்துக்கு இடமில்லாத வேலைகள். அரசு அலுவலகத்துக்குச் சொன்ன இதையே பத்துப் பேர் கொண்ட எந்தக் குழுவும் திங்கட்கிழமை தொடங்கலாம். கணினிச் செயலி தேவையில்லை, ஒரு நோட்டும் இரண்டு தேதிகளும் போதும்.

கெடு வைப்பதிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒவ்வொருவரும் தன் பங்குக்குப் பாதுகாப்பாகச் சில நாட்களை மறைத்துச் சேர்த்துத்தான் தேதி சொல்கிறோம். வேலையோ கிடைத்த காலம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-இலேயே எழுதினார். முன்னதாக முடித்தவரும் சொல்ல மாட்டார், அடுத்த முறை அவர் கெடு குறைக்கப்படும். அந்த மறைந்த நாட்களை எல்லாரிடமிருந்தும் வாங்கித் திட்டத்தின் கடைசியில் பொதுவாக வைக்கச் சொன்னார் கோல்ட்ராட். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தேதி தவறியவரை அவமானப்படுத்தாத மேலாளர் வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த முறையும் நிற்காது. பயந்தவர்கள் நாட்களை மறைக்கவே செய்வார்கள்.

மீண்டும் ரயில் பாதைக்கு வருவோம். இப்போது கல்யாணுக்கும் பத்லாப்பூருக்கும் இடையே மூன்றாவது, நான்காவது பாதைகள் வர வேண்டும். 2019-இல் ஒப்புதல் பெற்ற, மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின் 3ஏ கட்டத்தின் பகுதி அது. கல்யாண் யார்டில் வெளியூர் ரயில்களையும் லோக்கல்களையும் பிரிக்கும் வேலையும் அதில் இருக்கிறது. உல்லாஸ்நகர் பயணிக்கு இவ்விரண்டும் தாணே–திவாவைவிட முக்கியம். ஆனால் பெரும்பாலும் காதில் விழுவது இத்தனை சதவீதம் முடிந்தது என்ற எண்தான். 90 சதவீதம் முடிந்த பாதையில் ரயில் ஓடாது, மீதி 10-இல் யாருடைய நிலம் இருக்கிறது என்பதே பயணிக்குத் தேவையான செய்தி. எத்தனை ஏக்கர் இன்னும் கைமாற வேண்டும், யாருடைய அனுமதி எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் இருக்கிறது, எத்தனை குடும்பங்களுக்கு மாற்றுவீடு இன்னும் ஒதுக்கப்படவில்லை என்ற மூன்று வரிகளைப் பயணிகள் சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியலை விட்டல்வாடியிலும் உல்லாஸ்நகரிலும் நடைமேடையிலேயே ஒட்டலாம். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.